புது மாப்பிள்ளைக்கு ஒரு சரி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறுவான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அவளுடைய வாப்பாவின் பொறுப்பு. அந்த வீட்டுக்குள் ஒரு பெட்டியோடு வந்து சேர்வது மட்டும்தான் மாப்பிள்ளையின் வேலை. நானும் அப்படித்தான் கல்முனையிலிருந்து நிந்தவூருக்கு வந்தேன். இடையில் காரைதீவைத் தாண்டினால் போதும். பஸ்ஸில் இடம் பிடித்து உட்காருவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஆனாலும் அது வேறு வீடு. அங்கே உப்புப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது எனக்குப் பல வருடங்கள் தெரியாமலேயே இருந்தது.

என் மனைவி கடைக்குட்டி. மூத்த பெண்களுக்கு வீடு கொடுத்து முடித்த மாமாவும் மாமியும் கடைசி வீட்டில் எங்களோடு தங்கிவிட்டார்கள். கலியாணம் முடித்த சூட்டோடு நான் கத்தாருக்குப் போனேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கோழியும் நெய்ச்சோறும் வட்டிலப்பமுமாக விருந்து நடக்கும். அது சலிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவேன். அதனால் புது மாப்பிள்ளை என்ற பட்டம் எனக்குப் பழசாகவே இல்லை.

பிறகு கம்பெனி தன் வேலையைச் சுருக்கிக்கொண்டது. நான் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். வெளிநாட்டால் வந்தவனிடம் எங்கள் ஊரார் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க. முதலாவது கேள்விக்குப் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டாவது வந்துவிடும். பள்ளிவாசலில் ஸலாம் கொடுத்துத் திரும்பினால் பக்கத்தில் தொழுதவர் கேட்பார். முடிவெட்டுகிறவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்பார். போகப் போவதில்லை என்று சொன்னால், பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் ஒன்றும் சுகமில்லை. அங்கே பிரச்சினை மரியாதை. மாமா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர். வட்டவிதானையாகவும் பல வருடம் இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை எந்த வயல்காரர் எப்போது எடுக்கலாம் என்று தீர்த்து வைக்கிற பொறுப்பு அது. ஊரில் பாதிப் பேரை ஏவிப் பழகிய வாய் அவருக்கு. என்னை மட்டும் அவர் எதற்கும் ஏவியதில்லை. வயலுக்கு நானும் வரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க இருங்க மருமகன்" என்று சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார். குழாய் ஒழுகியது, நான் குழாய் முடுக்கும் சாவியை எடுத்து வருவதற்குள் குழாய் வேலைக்காரருக்குத் தொலைபேசி போய்விட்டது. வாசலில் விழுந்த தென்னோலையை இழுத்துப் போட்டேன். அன்று மாலை என் மனைவி பக்கத்தில் வந்து, அக்கம்பக்கத்தார் பார்த்தால் தன் வாப்பாவுக்குத்தான் குறைச்சல் என்று மெதுவாகச் சொன்னாள்.

மாமி இன்னும் ஒரு படி மேலே. மருமகனோடு நேரே கதைப்பதில்லை என்பது அந்தக் காலத்துப் பழக்கம். மற்ற வீடுகளில் எப்போதோ போய்விட்டது. மாமி அதை விடவில்லை. சமையலறை வாசலில் ஒரு திரை தொங்கும். அதற்கு அப்பால் நின்றுகொண்டு மகளிடம், அவருக்குத் தேத்தண்ணி ஊத்தவா என்று கேட்பார். எனக்கு நன்றாகக் கேட்கும். மகள் அதை என்னிடம் திருப்பிக் கேட்பாள். நான் வேண்டாம் என்பேன். மாமிக்கு நன்றாகக் கேட்கும். மகள் அதையும் திருப்பிச் சொல்வாள். இதில் கோபமோ வெறுப்போ துளியும் இல்லை. மீனில் நடுத்துண்டு எப்போதும் என் பீங்கானில்தான் விழும். சோற்றைத் தின்று, கதிரையில் இருந்து, திரும்பச் சோற்றுக்கு எழும்புகிற அந்த வாழ்க்கையில் எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. ஏதாவது ஒரு வேலை, எவ்வளவு சின்ன வேலையானாலும் சரி, அந்த வீட்டில் என் பெயருக்கு ஒன்று வேண்டும் என்று நான் ஏங்கினேன்.

அப்போதுதான் மடிக்கணினியில் அந்த விளையாட்டைத் தொடங்கினேன். கப்பல் உடைந்து ஒரு குளிர் தேசத்தின் கரையில் ஒதுங்கிய கொஞ்சப் பேர் ஊர் ஒன்றை உண்டாக்க வேண்டும். மரம் வெட்ட வேண்டும், விதைக்க வேண்டும், சமைக்க வேண்டும், பனிக்காலம் வருவதற்குள் களஞ்சியத்தை நிரப்ப வேண்டும். அவர்களை நேரடியாக நடத்த முடியாது. யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டால் அவர்களாகவே போய்ச் செய்வார்கள். சுடுவதும் வெட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஆட்களை வேலைக்கு அனுப்புகிற விளையாட்டு பிடித்தது. ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஒரு குறை இருந்தது. ஊர் பெருகப் பெருக, ஆள் ஆளாகத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரின் வேலைப் பட்டியலையும் தனித்தனியே திறந்து மாற்ற வேண்டும். சமையற்காரி சுகமில்லாமல் படுத்தால் அவளுடைய இடத்துக்கு யாரை விடலாம் என்று பார்ப்பதற்கே அரைப் பகல் போய்விடும். என்னைப் போல எரிச்சலடைந்த யாரோ ஒரு விளையாட்டுக்காரர் இதற்கென்று ஒரு துணைச் செயலி எழுதி இலவசமாக விட்டிருந்தார். விளையாட்டு ஒரு பக்கம் ஓடும். இது இன்னொரு பக்கம் திறந்திருக்கும். மேலிருந்து கீழாக ஆட்கள், குறுக்காக வேலைகள். ஒரு கட்டத்தில் சரி அடையாளம் போட்டால் அந்த ஆள் அந்த வேலைக்குப் போவார். எடுத்துவிட்டால் நின்றுவிடுவார். கெட்டிக்காரருடைய கட்டம் கடும் நீலம், தெரியாதவருடையது வெறும் வெள்ளை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு வட்டம் உண்டு. ஆள் சந்தோசமாக இருந்தால் பச்சை, மனம் சரியில்லை என்றால் சிவப்பு. வட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் காரணத்தையும் சொல்லும். இந்தச் செயலி வந்த பிறகு நான் விளையாட்டைப் பார்த்ததை விட அந்தக் கட்டங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

பெரும்போக நெல் விதைப்பு தொடங்கும் நேரத்தில் மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அடைத்த நாளத்துக்குள் சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். அந்தப் போகம் முடியும்வரை வயல் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. வயலை முல்லைக்காரரிடம் விட்டார். மாமாவின் வயலை அவருக்காகப் பார்த்துச் செய்கிற ஆள் அவர். காலை முழுதும் அவருக்குத் தொலைபேசி எடுத்து, வரம்பு கட்டியாச்சா, தண்ணி ஏறிட்டா என்று மாமா கேட்டபடியே இருப்பார். முல்லைக்காரர் ஓம் ஓம் என்பார். அந்த ஓமில் மாமாவுக்கு நம்பிக்கையில்லை என்பது முகத்தில் தெரியும். பின்னேரம் ஆனதும் கதைக்க ஆளில்லாமல் என் பக்கத்துக் கதிரைக்கு வந்துவிடுவார். இப்போது அந்த வீட்டில் வேலையில்லாதவர்கள் இரண்டு பேர்.

விளையாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது, கண் வலிக்கிறது என்றார். ஆனால் துணைச் செயலியைத் திறந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். எது ஆள், எது வேலை என்று இரண்டு கேள்விதான் கேட்டார். அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவராகவே வந்து, திறங்க மருமகன் என்றார். ஒரு கிழமைக்குள் சுட்டி அவருடைய கைக்குப் போய்விட்டது. நான் வேடிக்கை பார்க்கிறவனானேன்.

மாமாவின் நிர்வாகம் தனி நிர்வாகம். ஆட்களின் பெயர்கள் அவருடைய வாயில் நுழையவில்லை. தாடிக்காரன், செம்பட்டத் தலைக்காரி, கோணக்கால் கிழவி என்று அவரே பெயர் வைத்தார். கிழவிக்கு மரம் வெட்டக் கொடுத்திருந்ததைக் கண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே எடுத்துவிட்டு, அடுப்படியில் சாய்ந்து இருக்கட்டும் என்று சமையலுக்கு விட்டார். அந்தத் தேசத்தில் வெள்ளிக்கிழமை கிடையாது. மாமா ஒன்றை உண்டாக்கினார். ஏழு நாளைக்கு ஒருமுறை, சூரியன் உச்சிக்கு வருகிற நேரத்தில் எல்லாருடைய சரியையும் எடுத்துவிடுவார். இவர்கள் நம் மார்க்கத்தவர்கள் இல்லையே மாமா என்று சொல்லிப் பார்த்தேன். தொழாவிட்டால் போகட்டும், இளைப்பாறட்டும் என்றார். அந்த ஊர் நன்றாகவே நடந்தது. வட்டங்கள் வரிசையாகப் பச்சையில் இருந்தன. மாமாவின் முகத்திலும் பழைய களை வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம்தான். இந்தக் கணினிக்குள் நடக்கிற ஊரிலும் என் வேலை போய்விட்டதே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது.

அந்த விளையாட்டு ஊரில் அறுவடைக்குச் சற்று முந்தி தாடிக்காரனுக்கும் செம்பட்டத் தலைக்காரிக்கும் கலியாணம் நடந்தது. இந்த விளையாட்டில் அது தானாகவே நடக்கும். மாமா மாஷா அல்லாஹ் என்று சொல்லி, திரைக்கு அப்பால் நின்ற மாமிக்கும் செய்தி அனுப்பினார். தாடிக்காரன்தான் அந்த ஊரின் முதலாந்தர வேளாண்மைக்காரன். அறுவடைக் கட்டத்தில் கடும் நீலம் அவனுக்கு மட்டும்தான். மற்றவர்கள் கதிரறுத்தால் பாதி கொட்டிவிடும்.

அடுத்த இரண்டு மூன்று நாள் நான் வீட்டில் அதிகம் இல்லை. அம்பாறையில் ஒரு வேலைக்கு நேர்முகம் என்று போய், வரிசையில் நின்று, எனக்கு வயது கூடிவிட்டது என்று கேட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாமா முகம் வாடி இருக்கிறார். விளையாட்டில் பனி விழுந்திருக்கிறது. வயலில் கதிர் அப்படியே கருகி நிற்கிறது. களஞ்சியத்தின் அடித்தட்டு தெரிகிறது. கோணக்கால் கிழவி பட்டினியில் போய்விட்டாள். அவளுக்காக மாமா இன்னாலில்லாஹி சொன்னதை என் காதால் கேட்டேன்.

என்ன நடந்தது என்று நான் செயலியைத் திறந்தேன். தாடிக்காரனுடைய வரி முழுக்க வெறுமையாக இருந்தது. அறுவடை இல்லை, விதைப்பு இல்லை, விறகு இல்லை, ஒரு சரி கூட இல்லை. கடைசியில் அந்த வட்டம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அவன் புதுப் பெண்டாட்டியின் வீட்டு மேசையைச் சுற்றி வந்தான். உட்கார்ந்தான். எழும்பினான். வாசல்வரை போனான். திரும்பவும் வந்து உட்கார்ந்தான்.

நான் யார் எடுத்தது என்று கேட்கவில்லை. மாமாவே சொன்னார்.

"கலியாணம் முடிச்ச புள்ள. ஒரு விருந்து ஒழுங்காச் சாப்பிடல்ல. அதுக்குள்ள வயலுக்கு விரட்டினா பொண்ணு வீட்டாக்கள்ர மரியாதை என்னாகிற?"

சிரிக்க வேண்டிய இடம் அது. பனித் தேசத்துத் தாடிக்காரனுக்கு நிந்தவூர் மரியாதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சுட்டியைச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்து, அதில் வந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். செய்வதற்கு எதுவும் இல்லை; தன்னால் எவருக்கும் பிரயோசனமில்லை என்று நினைக்கிறான்.

மாமாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "குந்தக் கதிரை இரிக்கி. பொண்டாட்டி இரிக்கி. அவன ஏவுறதுக்கு ஒரு ஆளில்ல. ராசா மாதிரி இருக்கலாமே. பொறகென்னத்துக்குச் சிவப்பு?"

"எனக்கும் அதெல்லாம் இரிக்கி மாமா" என்றேன். "எனக்கும் சிவப்புத்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. திரைக்கு அப்பால் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. மாமா என்னைப் பார்க்கவில்லை. கணினித் திரையில் அந்தத் தாடிக்காரன் மேசையைச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறபோதே கைகால் கழுவி ஒழுச் செய்ய எழும்பிப் போனார்.

நெஞ்சில் குழாய் வைத்த மனிதனிடம் பேசுகிற பேச்சா இது என்று மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏசி முடித்துவிட்டுக் கட்டிலின் நுனியில் இருந்து அழுதாள். இவ்வளவு நாளும் இதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன். நன்றாகக் கவனிக்கப்படுகிற ஒருவன் எதைச் சொல்லிக் குறைப்படுவது? அவளுடைய வாப்பா தனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையைத்தான் எனக்குத் தந்துகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அவருடைய மனதை நோகடித்துவிட்டேன் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் மடிக்கணினியை நான் திறக்கவில்லை, மாமா கேட்கவுமில்லை. காலையில் முல்லைக்காரரோடு கதைப்பார். பின்னேரம் முன்கதிரையில் இருந்து தெருவைப் பார்ப்பார். எனக்கு வழக்கம்போல நடுத்துண்டு விழுந்தது. இந்த மரியாதை இனி என் மையித்தைத் தூக்கும்போதுதான் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் மாமா கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். திறங்க என்றார். திறந்தேன். ஊர் இருந்த இடத்திலேயே நின்றது. பனி, வெறுங்களஞ்சியம், மேசையைச் சுற்றுகிற மாப்பிள்ளை. இந்தக் குளிரில் இனி என்ன சாப்பாடு கிடைக்கும் என்று மாமா கேட்டார். வயல் போய்விட்டது, ஆற்றில் மீன் மட்டும் கிடைக்கும் என்றேன். அவர் தாடிக்காரனுடைய வரியில் சுட்டியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். மீன்பிடிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அவனுக்கு அந்த வேலை கொஞ்சமும் தெரியாது, வேறு ஆளை விடுவோம் மாமா என்று நான் சொன்னேன்.

"தெரியாதுதான்" என்றார். "போய்ப் பழகட்டும்." சரியைப் போட்டார்.

தாடிக்காரன் மேசையை விட்டு எழும்பினான். கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கி நடந்தான். நாங்கள் இருவரும் அவன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவனுக்கு ஒரு மீனும் படவில்லை. வட்டம் மட்டும் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது. மாமா அதைக் கையால் தொட்டுக் காட்டினார்.

அந்த வீட்டுக்கு மீன் வாங்குவது எப்போதும் மாமாதான். ஒலுவில் துறைமுகத்துக்கு வள்ளங்கள் வருகிற நேரம் பார்த்துப் போய், பேரம் பேசி, பிடித்ததைக் கொண்டு வருவார். நோயில் விழுந்த பிறகு வாசலுக்கு வருகிற மீன்காரரிடம்தான் வாங்கினோம். அதில் மாமிக்குத் திருப்தியில்லை என்பதைத் திரைக்கு அப்பாலிருந்து தினமும் கேட்போம்.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து நான் முன்கதிரையில் அமர்ந்தேன். மாமா உள்ளே போய், மோட்டார் சைக்கிள் சாவியையும் மீன் பையையும் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். பையில் பழைய மீன் வாடை அடித்தது.

"ஒலுவிலுக்குப் போய் மீன் வாங்கிட்டு வாங்க மருமகன்" என்றார்.  எப்படிப் பார்க்க வேண்டும், எவரிடம் வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தரவில்லை.  ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

ஒலுவிலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சனம் முண்டியடித்தது, விலை கூவினார்கள், ஐஸ் தண்ணீர் காலில் கொட்டியது. கத்தாரில் கடையில் உறைந்த மீனைப் பொதியோடு வாங்கியவன் நான். யாரிடம் கேட்பது என்று தயங்கித் தயங்கி நின்று, கூட்டம் கலைந்த பிறகு, மிஞ்சிக் கிடந்ததில் பெரிதாகத் தெரிந்த ஒரு பாரையை வாங்கினேன். பெருமை பிடிபடவில்லை. வழி நெடுக எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இடையில் ஒருவர் எப்ப போறீங்க என்று கேட்டார். மீன் கெட்டுவிடும், வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

பையை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைத் திரைக்கு அப்பால் நீட்டினாள். நான் கால் கழுவ முன்வாசல் குழாயடிக்குப் போனேன்.  பிறகு திரை விலகியது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் பாரையைத் தூக்கிப் பிடித்தபடி முன்விறாந்தைக்கே வந்துவிட்டார். மகளைப் பார்க்கவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செவுளத் தூக்கிப் பாக்கல்லயா மகன்? இது நேத்தய மீன். கண்ணும் குழி விழுந்து கிடக்கு. இதக் கறியாக்கி எப்பிடித் திங்கிற?"

என் மனைவி வாயில் கையை வைத்தபடி நின்றாள். மாமா கதிரையில் இருந்துகொண்டு, நெஞ்சைக் கையால் பொத்தியபடி, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி என்னிடம் நேரே கதைத்த முதல் வார்த்தைகள் அவை. ஈரக் காலோடு நான் அப்படியே நின்றேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

மாமி திரையை நோக்கித் திரும்பிவிட்டு, பாதி வழியில் நின்றார்.

"நாளைக்கு வெள்ளெனப் போங்க" என்றார். "கடைசி ஆளாப் போய் நிண்டா இப்பிடித்தான் தலையில கட்டுவானுகள்."

ஓம் மாமி என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். மோட்டார் சைக்கிள் சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.